கானாடுகாத்தானில் இரண்டு நாள் செல்வ மேலாண்மை முகாம்: நாமினி பாடத்துக்காகப் போகலாம், விதைக்காக வேண்டாம்

தலைக்கு 3,500 ரூபாய். நானும் வீட்டுக்காரரும் போனதால் 7,000. கட்டியது சென்னையில் இருக்கும் மகன். "ரிட்டயர்மென்ட் காசு வந்திருக்கு, யாராவது பேசி எதிலாவது போட வச்சிருவாங்க, ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு வாங்க" என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். முப்பத்து நாலு வருடம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் கவுன்டர். எனக்குப் பணத்தைப் பற்றி வகுப்பா என்று கோபம் வந்தது. ஆனால் பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மாட்டார்களாம். சரி, போவோம் என்று கிளம்பினோம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக நடத்தும் முகாம் இது. விசுவாசம், வரவுசெலவு, சேமிப்பு, முதலீடு, உயில் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நடத்துபவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஊர் ஊராக நடத்துகிறார்கள், உங்கள் கோயில் வாசலிலும் நோட்டீஸ் வரலாம். வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீடு, இப்போது தங்கும் விடுதி. அந்தத் தெருவில் முகப்பு, இந்தத் தெருவில் பின்கட்டு. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு, வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள். நிலைக்கு மேலே கஜலட்சுமி. அவளுக்கு நேர் கீழே திரையைக் கட்டி, அதில் 'என் தேவன் என் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்' என்று போட்டிருந்தார்கள். லட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் காற்றே தேவைப்படாத குளிர்ச்சி, கழிவறை சுத்தம், நாற்காலி முதுகு வலிக்காத நாற்காலி. இடத்துக்கு முழு மார்க்.

எனக்கு மட்டும் அந்தத் தூண்களைப் பார்த்தால் வேறு நினைவு வரும். சருகணிப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா கொத்தனார். புது வீடு கட்டியதைவிட வீடு பிரித்ததுதான் அதிகம். எழுபதுகளில் பங்காளிகள் பாகம் பிரிக்க முடியாத வீடுகளையும், கூரை ஒழுகிய வீடுகளையும் விலை பேசி இடிப்பார்கள். தேக்குத் தூணை இறக்க ஆறு பேர் வேண்டும். அது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அப்பாவுக்கு அன்றைய கூலி. ஒரு தூண் என்ன விலைக்குப் போனது என்று அவர் கேட்டதே இல்லை. "கேட்டா ராத்திரி தூக்கம் வராது" என்பார்.

பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்தவர், காப்பீட்டுத் துறையில் இருந்தவராம். நல்ல குரல். எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்று அழைத்தார். அறுபது பேர் இருந்தோம். ஆர்சி, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே என்று கலவை. அவர் 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்பார், ஆர்சிக்காரர்களான நாங்கள் அதே புத்தகத்தை எங்கள் பைபிளில் 'திருத்தூதர் பணிகள்' என்று புரட்டிக்கொண்டிருப்போம். பக்கம் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.

முதல் நாள் காலை அமர்வை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உறை முறை என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். சம்பளம் வந்ததும் அரிசி பருப்பு, பள்ளி, மருந்து, கடன், கோயில், கைச்செலவு என்று ஆறு உறை. பழைய விஷயம்தான், எங்கள் அம்மா அஞ்சறைப் பெட்டியிலேயே செய்தாள். ஆனாலும் வந்திருந்த இளம் தம்பதிகள் குறிப்பெடுத்தார்கள். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பலகையில் போட்டுக் காட்டினார், அது நன்றாக இருந்தது. பதிவில்லாத சீட்டில் பணம் போடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார். இந்தப் பக்கத்தில் அதை முப்பது தடவை சொன்னாலும் தகும்.

அப்புறம் நாமினி. வங்கியில் இருந்த காலமெல்லாம் நான் தொண்டை வறளச் சொன்ன விஷயம் இது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர், அவ்வளவுதான். அவருக்கே சொந்தம் ஆகிவிடாது, வாரிசுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். உச்ச நீதிமன்றம் 1984-இலேயே காப்பீட்டு விஷயத்தில் இதைச் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியானால் அங்கே நிலைமை வேறு, வங்கிக் கணக்கில் இன்றும் இதேதான். ஹாலில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. பக்கத்து நாற்காலி அம்மாள் உடனே மகனுக்கு போன் போட எழுந்து போனார். இந்த ஒரு விஷயத்துக்கே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம்.

உயில் பகுதியில்தான் சறுக்கினார். முதல் சறுக்கல், "பெண்ணுக்கு நகையாகக் கொடுத்துவிடுங்கள், வீட்டைப் பையனுக்கு எழுதிவிடுங்கள், அதுதான் சமாதானம்." கை தூக்கினேன். உயில் இல்லாமல் இறந்தால் கிறிஸ்தவர்களான நமக்கு 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதில் ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. திருவிதாங்கூர்ப் பக்கம் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்தச் சமபங்கு கிடைக்க மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 1986-இல் தீர்ப்பு. நமக்குச் சட்டமே சும்மா கொடுத்திருப்பதை உயில் எழுதிப் பிடுங்கச் சொல்கிறீர்களே என்றேன். "சிஸ்டர், நான் நடைமுறையைச் சொல்கிறேன்" என்றார். நடைமுறை எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக, தங்கச்சி கல்யாண நகையை என் கவுன்டரில் வைத்துவிட்டு நிற்பதுதான் நடைமுறை.

இரண்டாவது சறுக்கல் தகவல் பிழை. கிறிஸ்தவர் தர்மத்துக்கோ கோயிலுக்கோ உயிலில் சொத்து எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் அந்த உயிலைச் சட்டப்படியான காப்பிடத்தில் டெபாசிட் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்றார். அது பழைய 118-ஆம் பிரிவு. சாகக் கிடப்பவர் தலைமாட்டில் சாமியார் உட்கார்ந்து எழுதி வாங்கிவிடுவார் என்று இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் இருந்த பயத்தின் மிச்சம். நெருங்கிய சொந்தம் உள்ளவர்களுக்கு அந்த நிபந்தனை. ஒரு பாதிரியார் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். காசு வாங்குபவர்கள் இதையாவது திருத்திக்கொள்ளலாம்.

இப்போது சாப்பாடு. நிறைய எழுத வேண்டிய இடம் இதுதான். வாழை இலை. முதலில் பால் பணியாரம், பிறகு வெள்ளைப் பணியாரத்துக்கு மிளகாய்ச் சட்னி. வெண்டைக்காய் மண்டி, அரிசி கழுவின தண்ணீரின் புளிப்பும் மொச்சையும் சேர்ந்து அப்படியே ஆச்சி வீட்டு மணம். கோழி வறுவலில் சிவப்புப் பொடி கிடையாது, மிளகும் கல்பாசியும்தான் பேசின. நண்டு ரசத்தை வீட்டுக்காரர் மூன்று முறை வாங்கினார். கடைசியில் கவுனி அரிசி, தேங்காய்த் துருவல் தூக்கலாக. சர்க்கரை மட்டும் கொஞ்சம் அதிகம், என் வயதுக்காரர்கள் கவனம். செட்டிநாடு என்று போர்டு மாட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் மிளகாய்த்தூளைக் கொட்டும் ஹோட்டல்காரர்களை இங்கே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும்.

கவுனி அரிசி பரிமாறும்போதுதான் எங்களைக் கூட்டிவந்த கார் டிரைவர் ஞாபகம் வந்தது. தேவகோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், காலை ஏழு மணிக்குக் கிளம்பினவர். எட்டிப் பார்த்தால், ஏழு டிரைவர்கள் வெளித்திண்ணையில். மணி இரண்டேகால். "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றேன். "நீங்க சாப்பிடுங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். எங்கே பார்த்துக்கொள்வது? அந்தத் தெருவில் டீக்கடைகூட அந்த நேரத்தில் இல்லை.

ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய பையன், பாவம், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்: "டிரைவர்ஸ் பேக்கேஜ்ல இல்லை சிஸ்டர். மிச்சம் இருந்தா கடைசியில பார்க்கலாம்." லூக்கா நற்செய்தியில் பணக்காரன் வாசலில் கிடந்த இலாசரும் மிச்சம் விழுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவனிடம் சொல்லவில்லை. சின்னப் பையன்.

சமையல்கட்டை மேற்பார்க்கும் ஆச்சி ஒருவர் இருந்தார். எழுபது வயது இருக்கும், அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, சம்பளத்துக்கு இருப்பவர்தான். என் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "ஏழு எலை போடுப்பா, வெளிய வண்டிக்காரவுக இருக்காக" என்றார். பையன் பதறினான். ஆச்சி, "பில்லுல ஏழு கூட எழுதிக்கிறோம் தம்பி. வாசல்ல நிக்கிறவுகளுக்கு எலை போடாம எந்த வீட்டுல விருந்து நடந்துச்சு?" என்றார். அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. டிரைவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நண்டு ரசம் தீர்ந்துபோயிருந்தது, மற்றது எல்லாம் கிடைத்தது.

எனக்கு அந்த 'பில்லுல எழுதிக்கிறோம்' மிகவும் பிடித்துப்போனது. 'பாவம், கொடுத்துவிடலாம்' என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் எழுதச் சொன்னார். இந்த ஊரில் அது பழைய பழக்கம். நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்கள், தொழில் நடத்தியபோது மகமை என்று ஒரு பங்கைக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். கோயிலுக்கு, சத்திரத்துக்கு, பாடசாலைக்கு. முதலாளிக்கு அன்றைக்கு மனது இளகியதா இல்லையா என்பது பேச்சே இல்லை. கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று ஊர்க்கோயிலுக்கு வரி. கொடுக்காதவருக்குக் கோயில் மரியாதையில் இடமில்லை.

அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கித் தலையில் வைக்கவும் மாட்டேன். கடன் கொடுக்கும் தொழில் எனக்கும் தெரியும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன்கள் முறிய, 1938-க்குள் அது 25 பங்கு. அந்த நிலத்தை இழந்த பர்மாக்காரன் பிள்ளைக்கு மகமையில் பங்கு எழுதவில்லை. அந்தத் தேக்குதான் இந்தத் தூண். அதைப் பிரித்த கூலிதான் எங்கள் வீட்டுக் கஞ்சி. சரி, மேலே போவோம்.

பிற்பகல் அமர்வில் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். மண்டியின் மகிமை. அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, ஒரு கம்பெனியின் முதலீட்டுத் திட்டங்களை வரிசையாகக் காட்டினார்கள், கையெழுத்துப் போட மேசையும் வைத்திருந்தார்கள். விற்பவருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். "நாளைக்குத் தனியாகப் பேசுவோம்" என்றார்கள். இரண்டாம் நாளும் பேசவில்லை. போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க விசுவாசமும் செல்வமும். விதை உபதேசம். நீ ஊழியத்துக்குக் காணிக்கையை விதையாக விதைத்தால் ஆண்டவர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார், வறுமை என்பது விதைக்காததின் விளைவு. இது அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்ற தொலைக்காட்சிப் போதகர்கள் பரப்பிய சரக்கு. அமெரிக்காவிலிருந்து எங்கள் ஊருக்கு இதற்கு முன் வந்தது மஞ்சள் மாவு. பள்ளிக்கூடத்தில் மதியம் அதில் உப்புமா கிண்டிப் போடுவார்கள். அதைத் தின்றுதான் படித்தேன், அதற்கு யாரும் விதை கேட்கவில்லை.

விதை என்றால் எனக்கு வேறு ஞாபகமும் உண்டு. புரட்டாசி மாதம் என் கவுன்டரில் தாலிச் சங்கிலியோடு நிற்பார்கள். விதை நெல்லுக்கு. மழை வந்தால் தையில் மீட்பார்கள். வராவிட்டால் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பார்கள். மூன்றாவது வருடம் ஏல நோட்டீஸ். அதில் கையெழுத்துப் போட்டவள் நான். அவர்களில் பாதிப் பேர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள். விசுவாசக் குறைவு என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

திரையில் ஜான் வெஸ்லி படம் வந்தது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் போதகர். 'இயன்ற அளவு சம்பாதி, இயன்ற அளவு சேமி' என்று கீழே இரண்டு வரி. எனக்குப் பின்னால் இருந்த சிஎஸ்ஐ டீச்சர், ஓய்வுபெற்றவர், மெதுவாகச் சிரித்தார். "வெஸ்லி சொன்னது மூணு. மூணாவது, இயன்ற அளவு கொடு. அதைக் காணோம்" என்றார். ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்தாராம் வெஸ்லி. வருமானம் 60 ஆன வருடமும் அதே 28, பாக்கி எல்லாம் ஏழைகளுக்கு. இடைவேளையில் டீச்சர் சொன்ன இந்தக் கதை, அந்த நாளின் எல்லாப் பேச்சையும்விட எனக்கு உபயோகமாக இருந்தது.

பணக்காரன் பரலோகம் போவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்ற வசனத்துக்கும் பயிற்சியாளர் விளக்கம் சொன்னார். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் மண்டியிட்டால் உள்ளே போய்விடுமாம். உதாரணத்துக்கு வளவின் ஓரத்தில் இருந்த சிறு கதவைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று எங்கள் பழைய பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். பணக்காரர்களின் சௌகரியத்துக்காகப் பிற்காலத்தில் கட்டின வாசல் என்பார் அவர்.

பிறகு பயிற்சியாளரின் அரசியல். முகாம் என்றாலும் அரசியல் இல்லாமல் இல்லை. ரேஷன் இலவச அரிசியும் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையும் ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகின்றன, வரி என்பது உழைத்தவன் பையிலிருந்து பிடுங்குவது, கிறிஸ்தவன் மனமுவந்து கொடுப்பான், அரசாங்கம் வாங்கிக் கொடுப்பது அன்பே இல்லை என்றார். ஹாலில் பலத்த தலையாட்டல். என் வீட்டுக்காரரும் ஆட்டினார், விழித்திருந்த சமயம் பார்த்து.

அந்தச் சிஎஸ்ஐ டீச்சர் எழுந்து, ஆதிச் சபையில் நிலத்தை விற்றுப் பொதுவில் வைத்தார்களே, தேவைக்குத் தக்கபடி பகிர்ந்தார்களே என்று கேட்டார். பயிற்சியாளர் அதற்குத் தயாராக இருந்தார். "அது விருப்பத்தோடு. நிலத்தை விற்ற அனனியாவிடம் பேதுரு என்ன சொன்னார்? நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்றார். கட்டாயம் எங்கே இருக்கிறது?" நேர்மையாகச் சொல்கிறேன், நல்ல பதில். நானும் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். அவர் சொன்னபடிதான் இருக்கிறது.

ஆனால் அதே வேதத்தில் லேவியர் ஆகமமும் இருக்கிறது. அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும். ஐம்பதாம் வருடம் நிலம் பழைய சொந்தக்காரனுக்குத் திரும்ப வேண்டும். இதெல்லாம் நீதிச்சட்டம். ரூத் என்ற பெண் பெத்லகேமில் கதிர் பொறுக்கினாளே, வயல்காரர் போவாசுக்கு மனது இளகுவதற்கு முன்பே பொறுக்க அவளுக்கு உரிமை இருந்தது. இளகியது அப்புறம், இரண்டு கைப்பிடி கூடுதலாகப் போடுவதற்கு. இதை நான் எழுந்து சொன்னபோது, "பழைய ஏற்பாடு இஸ்ரவேலருக்கு, சிஸ்டர்" என்றார். அரைமணி முன்னால் மலாக்கி புத்தகத்தைக் காட்டி எங்களிடம் தசமபாகம் கேட்டவர் இவர். மலாக்கி எந்த ஏற்பாடாம்? ஹாலில் சிலர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மனிதர் கெட்டவர் இல்லை.

வரி பிடுங்குகிறது என்கிறாரே, என்ன பிடுங்குகிறது? இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி 1985-இலேயே போய்விட்டது. பணக்காரர்களின் மொத்தச் சொத்துக்குப் போட்ட செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அப்பன் விட்டுப்போன பத்துக் கோடிக்கு மகன் ஒரு ரூபாய் வாரிசு வரி கட்ட வேண்டியதில்லை. சோப்பு வாங்கும் சித்தாள் ஜிஎஸ்டி கட்டுகிறாள். ஆயிரம் ரூபாய்த் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். பணம் ஏறும் நாளில் கவுன்டருக்கு வந்த பெண்கள் பலர் நகை வட்டியை அன்றைக்கே கட்டினார்கள். சோம்பேறித்தனம் செய்ய ஆயிரம் ரூபாயில் என்ன இருக்கிறது?

எங்கள் சபையில் இது ஒன்றும் புதுப் பேச்சும் இல்லை. திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தொழிலாளிக்கு நியாயமான கூலி தருவது நீதி என்று எழுதினார். ஆறாம் பவுல் 1967-இல், தனிச்சொத்து யாருக்கும் நிபந்தனையற்ற உரிமை இல்லை என்றார். அமெரிக்காவிலும் விதை விற்பவர்கள் மட்டும் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் போதகர்தான். 1968-இல் மெம்ஃபிஸில் அவர் சுடப்பட்டபோது, துப்புரவுத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டத்துக்காகத்தான் அங்கே போயிருந்தார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அழகப்பச் செட்டியார் படம் வந்தபோது. 'கொடுத்தவர் பெருகினார்' என்று தலைப்பு. கொடுத்தார், சரி. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு 1948-இல் அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தது. கல்லூரிகள் கட்டினார். குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1957-இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமானார். அவர் கொடுத்தது நூறு மடங்காகத் திரும்பி அவர் பெட்டிக்கு வந்ததா? கொடுக்கக் கொடுக்கக் குறைந்தது. என் மகன் படித்தது அந்த ஆய்வகத்தின் பிடெக் படிப்பு. நிலம் செட்டியார் கொடுத்தது, அன்று முதல் இன்று வரை நடத்துவது அரசாங்கத்தின் வரிப்பணம். அந்தப் படிப்பில் கிடைத்த சம்பளத்தில்தான் இந்த முகாமுக்கு 7,000 கட்டினான்.

முடிவில் காணிக்கை. மேசைக்கு மேசை கியூஆர் அட்டை வைத்தார்கள். பின்னணியில் கீபோர்டு வாசிப்பு, கண்களை மூடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எப்படி ஸ்கேன் செய்வது என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார். ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு உண்டா என்றேன், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆமாம், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, அதையும் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் போடவில்லை. ரசீதும் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரம் இருந்தேன். சமையல்கட்டில் வேலை செய்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அன்று மாலை குழுவில் நான் இல்லை.

ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்றரை சாப்பாட்டுக்கு, அரை இடத்துக்கு, அரை அந்த நாமினி பாடத்துக்கு. முதல் நாள் காலைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வைத்தால் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களைத் தைரியமாக அனுப்பலாம். இரண்டாம் நாளுக்கு விடுதியில் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். முன்கூட்டியே சொன்னால் ஆச்சி செய்து தருகிறார், டிரைவர் இலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொடுத்த பொருள்களில் ஒரு ஃபைலும் பேனாவும் தரமாக இருந்தன. அந்தப் பேனாவில்தான் உயில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மகளுக்கும் மகனுக்கும் பாதிப் பாதி. அதற்கு முன்னால், எடுத்த எடுப்பில் ஒரு பங்கு, எங்கள் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு. அதை முதல் வரியாக எழுதியிருக்கிறேன், மிச்சத்தில் இல்லை. சாட்சிக் கையெழுத்து இரண்டு பேர் போட வேண்டும், உயிலில் பங்கு வாங்குகிறவர் சாட்சி போட்டால் அவருக்கு எழுதினது செல்லாமல் போய்விடும். டீச்சர் சம்மதித்துவிட்டார். இன்னொரு ஆள் வேண்டும். வீட்டுக்காரர், "அந்த டிரைவர் தம்பியைக் கேட்டா என்ன?" என்கிறார். கேட்க வேண்டும்.